விபூதி வராத காலை

மாசி 10, செவ்வாய்

காடு எரிந்து ஊர்கள் சாம்பலான சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் மழை இல்லை. மெல்போர்ன் முழுக்கப் புகை வாசம். வன்னியில் ஷெல் விழும் அதே மாசி. பெப்ரவரி 2009.

பள்ளிக்கூடம் போகாத கை. பெண்சாதி பழக்கிய எழுத்து. மெல்லத்தான் வரும்.

மத்தியானம் சோறு. பிறகு வயிற்றில் பழைய குத்து. முழங்கால் மடித்துக் குப்புறப் படுத்தேன், வழமைபோல். இந்த முறை விடவில்லை. சத்தி எடுத்தேன், பச்சையாக. மகன் ரவி காரில் ஏற்றினான். மருமகள் சுகந்தி சாமியறைக்கு ஓடிப்போய் விபூதி எடுத்து வந்து நெற்றியில் பூசினாள். அது இல்லாமல் என்னைப் படி இறங்க விடமாட்டாள்.

தம்பி நடராசாவுக்கும் இதே குத்து. சின்னனில் ஒரே பாயில் இரண்டு பேரும் குப்புற. அவன் வன்னியில். தை பிறந்த பிறகு கதைக்கவில்லை.

மாசி 11, புதன்

ஆஸ்பத்திரி. ஸ்கான். மூக்கில் குழாய். யார் வந்தாலும் முதலில் என் பெயர் கேட்கிறார்கள். கையில் பட்டி கட்டி எழுதியும் இருக்கிறது.

"விடியக் கேட்ட பேர்தானே, மாறவில்லை எண்டு சொல்லடா."

"அது அவையின்ரை முறை, அப்பா."

டொக்டர் சொன்னதை ரவி தமிழில் சொன்னான். "வெளியிலை வீக்கம் இல்லை. உள்ளுக்கை பிறவியிலேயே ஒரு பை. குடல் அதுக்கை போய் மாட்டிட்டுதாம். மூண்டு சின்ன ஓட்டை போட்டு, கமரா விட்டு எடுப்பினமாம். இந்த வருத்தத்திலை அவருக்கு நீங்கள் ரெண்டாவது ஆள்தானாம்."

"அப்ப என்னிலைதான் பழகப்போறானோ?"

ரவி சிரித்தான். பிந்தினால் குடல் கறுத்துவிடும் என்றபோது சிரிப்பில்லை.

பின்னேரம் அவனுக்குப் போன். வெளியே போனான். கதவு முழுக்கச் சாத்தவில்லை. "நாளைக்கு ஒப்பரேசன். பிறகு கதைக்கிறன்." திரும்பி வந்து என் முகம் பார்க்கவில்லை. கால் போர்வையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

நாங்கள் ஒரு வயிற்றில் ஐந்து பேர். அக்கா காய்ச்சலில் போனாள். அண்ணர் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில், கடையோடு எரிந்து. தங்கச்சி பிள்ளைப்பேற்றில். மிச்சம் நானும் நடராசாவும்.

மாசி 12, வியாழன்

விடிய சுகந்தி வந்தாள். தலை முழுகிய ஈரம். நெற்றி வெறுமை. ரவிக்கும் வெறுமை.

"விபூதி எங்கை பிள்ளை?"

"மறந்திட்டன், மாமா."

மறக்கிற பிள்ளை இல்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாசி 13, வெள்ளி

உயிர் இருக்கிறது. குடல் கறுக்கவில்லை, வெட்டவில்லை. இழுத்தெடுத்துப் பையின் வாயைத் தைத்தார்களாம். வயிற்றில் மூன்று பிளாஸ்டர். வலி தோளில். கமரா விட வயிற்றுக்குள் அடித்த காற்றாலாம்.

சுகந்தி தனிய வந்தாள். வெள்ளிக்கிழமை. இன்றும் நெற்றி வெறுமை.

"விளக்குக் கொளுத்திப்போட்டோ வந்தனி?"

மேசையில் இருந்த கோப்பையை நகர்த்தி வைத்தாள். சாமி விஷயத்தில் அவளுக்கு இரண்டாம் பொய் வராது. சாவுத் துடக்கு வீட்டில் விளக்கும் இல்லை, விபூதியும் இல்லை.

"நடராசாவோ?"

கட்டில் கம்பியைப் பிடித்தாள். "ஷெல், மாமா. புதன்கிழமைதான் எங்களுக்குத் தெரியும். ஒப்பரேசன் முடியுமட்டும் சொல்ல வேண்டாம் எண்டு இவர்..."

"அழாதை. ரவிக்குச் சொல்லாதை, நான் கேட்டனான் எண்டு. அவன்ரை வாயாலை சொல்லட்டும்."

நேர்ஸ் ஊசியோடு வந்தாள். பட்டியைத் தூக்கிப் பிடித்துப் பெயர் கேட்டாள். அம்மா பெற்ற ஐந்தில் மிச்சம் இருக்கிறவனின் பெயரைச் சொன்னேன்.

செல்லையா முருகேசு.