அவருடைய இன்னொரு கால்சட்டை

அன்புள்ள ரத்தினபாய் அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா?

தாம்பரத்தில் காலையில் பனி, பிறகு தூறல். பள்ளி ஹாஸ்டல் வேலைக்கு சைக்கிளில் போக, சேலைக்குள் லெக்கிங்ஸ் போட்டேன், நனைந்து ஒட்டியது. ஸ்டாக்கிங்ஸ் நழுவியது. என் வீட்டுக்காரரின் அடக்கத்தன்று, அவருக்கு வேட்டி போதும், நல்ல கம்பளி வீணாகும் என்று சவப்பெட்டியிலிருந்து எடுத்தேனே, அந்தக் கால்சட்டைதான் பொருந்தியது.

நேற்று மீன் விற்கும் அங்காளம்மா கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, நீ மட்டும் கம்பளி போட்டுகினு கீற? பின்னாடி குந்திகினு வர்ற சாரு வேட்டியோட நடுங்குறாரே!"

அவரை அவள் பார்த்ததே இல்லை. திரும்பினேன். நனைந்த சைக்கிளில் கேரியர் மட்டும் காய்ந்திருந்தது.

பயப்படாதீர்கள். அங்கே உங்கள் பீரோவில் அவருடைய இன்னொரு கால்சட்டை இருக்கும், உடனே அனுப்புங்கள். குளிர் தாங்காமல் அவர் இறங்கிப் போய்விடக் கூடாது.

மணி அடிக்கிறது.

தங்கை,
எமிலி