இன்குபேட்டருக்கு ஓய்வு

செப். 29, 2025
பழனியாத்தாள் அக்காவின் செல்களுக்கு இன்று நாற்பதாம் நாள். அவர் கிணத்துக்கடவில் தேங்காய்நார் மில்லில் வேலை செய்பவர். வலிப்புக்காக மூளையிலிருந்து வெட்டியெடுத்த துண்டை, "குப்பைக்குப் போறதுக்கு உங்ககிட்ட இருக்கட்டுங்க" என்று ஆய்வுக்குத் தந்தார். அதிலிருந்து பிரித்த நரம்பு ஸ்டெம் செல்கள் மைக்ராஸ்கோப்பில் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக மிதக்கின்றன. அடுத்த திங்கள் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக். 1
ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், செல்கள் வளரும் இன்குபேட்டருக்குச் செவ்வந்தி மாலை, எல்லாம் என் கையால். சேர்மன் மருதாசலம் வந்தார். நூல் மில் முதலாளி; ஆய்வகம் அவர் கட்டியது. "எல்லா மெஷினுக்கும் இன்னிக்கு ரெஸ்ட் குடுத்துப்போடோணும் அம்மணி." இன்குபேட்டர் மட்டும் வேண்டாங்க சார் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அக். 3
செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு.
முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி வெறும் அலமாரியாகக் கிடக்கிறது. செல்கள் மிதந்த ஆரஞ்சுத் திரவம் ஊதாவாகிவிட்டது. சேர்மனுக்குப் போன் செய்தேன். "நாந்தானுங்க அணைச்சேன். ஒரு நாள் ரெஸ்ட் குடுத்தா அஞ்சு வருசம் சேத்தி ஓடுமுங்க."
ஓடுமாம்! அதென்ன நூற்கிற மெஷினா?
"எழுதி ஒட்டியிருந்தா அணைச்சிருப்பனுங்களா?" என்று கேள்வி வேறு. டெக்னீசியன் ஆரிஃப் 'அணைக்கக் கூடாது' என்று எழுதித்தான் ஒட்டியிருந்தான். போய்ப் பார்த்தேன். அதன் மேல் என் மாலை தொங்குகிறது.

அக். 4
ஆய்வக இயக்குநரின் விசாரணைக் கடிதம்: 'ஆரிஃபின் கவனக்குறைவு.' அன்று கடைசியாகப் பூட்டியது அவனாம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊருக்கு இளைத்தவன் அவன்தானே!
"உட்டுருங்க மேடம், உங்க பிஹெச்டி போயிரும்" என்கிறான். வேலை போகப்போவது அவனுக்கு!
இரண்டாம் வாரமே ஒரு குழாய் செல்லை உறையவைத்து நைட்ரஜன் தொட்டியில் வைத்திருக்கிறான், யாரும் சொல்லாமலே. பிழைக்குமோ என்னவோ. இவனுக்குக் கவனக்குறைவாம்!

அக். 6
கையெழுத்துப் போடவில்லை. வேறு கடிதம் கொடுத்தேன்: அணைத்தவர் சேர்மன், சீட்டை மறைத்தது என் மாலை.
அக்கா இளநீரோடு வந்துவிட்டார். சேர்மன், இயக்குநர் எதிரிலேயே நடந்ததைச் சொன்னேன். "மெஷினுக்கு ஒரு நாள் லீவுதானுங்களே..." என்று சேர்மன் இழுத்தார்.
அக்கா தையல் தழும்பைத் தடவினார். "என்ற தலைக்குள்ள இருந்தப்ப இதுக்கு என்னிக்குங்க லீவு உட்டாங்க?"
இயக்குநர் இருமினார்.

அக். 30
உறைந்த குழாய் பிழைத்தது. இன்று ஏழு உருண்டைகள். ஆரிஃப் வேலையில் இருக்கிறான். எனக்கு ஒரு மெமோ, மாலை போட்டதற்கு. சேர்மனுக்கு மெமோ கொடுக்க யார் இருக்கிறார்கள்?
அவரும் பார்க்க வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவிட்சுக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.