பிணத்துக்குப் போட்ட மாலை

மார்கழி, சனிக்கிழமை இரவு.

நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. நண்பன் சேகரும் அவன் மனைவி மலரும் நடிக்கும் நாடகம் இன்று காலை சென்னையில் முதல்முறையாக மேடையேறியது. உத்திரமேரூரில் விடிவதற்குள் பைக்கை எடுத்தேன். பனியில் ரோடே தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது திரை விலகிவிட்டது.

நம்மூர்க் கூத்தில் தெரிந்தவர் வேஷம் கட்டினால், ஆட்டத்தின் நடுவிலேயே ஏறி மாலை போடுவோம். அதே பழக்கத்தில் நானும் ஏறிவிட்டேன். சேகர் படுத்திருந்தான். பிணமாக நடிக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் மாலையோடு திருதிருவென்று விழித்தேன்.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மலர் அசரவில்லை. "இப்பத்தான் வர்றியாண்ணா? உன்னியே கேட்டுக்கினு இருந்தாரே!" என்று என் கையைப் பிடித்துக் கதறினாள். எனக்கும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மாலையைப் போட்டுவிட்டு இறங்கினேன். பார்த்தவர்கள் என்னையும் நடிகன் என்றே நினைத்திருக்கிறார்கள்.

நாடகம் முடிந்ததும், "பேஜாரு பண்ணிட்டேன்டா" என்றேன்.

"வுடுடா, நாளைக்கும் மாலையோட வந்துடு" என்று சேகர் சிரித்தான்.

மலர் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் பொய் சொல்லலண்ணா. ஸ்கிரீன் தூக்குற வரைக்கும் 'அவன் வந்துட்டானா, வந்துட்டானா'ன்னு கேட்டுக்கினேதான் இருந்தாரு."