பதிவேட்டில் ஏறாத பார்சல்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் "வேற ஒண்ணும் விசேஷம் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் பேனா.

மூன்று மாதத்துக்கு முன் நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? வழியனுப்ப எதிர் வீட்டு நர்ஸும் நின்றிருந்தாள். "அம்மா, போனதும் ஏதாவது வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். உனக்கு என்ன வேணும்? சித்தி, உங்களுக்கு?" என்றாய். நான், "எனக்கென்னடி வேணும், நீ நல்லா இருந்தா போதும்" என்றேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாள் பூரா நின்னு நின்னு குதிகால் போகுதுடி. மெத்துமெத்துன்னு ஒரு செருப்பு அனுப்பு. ஏழாம் நம்பர். கறுப்பு மட்டும் வேண்டாம்" என்றாள். நீ சிரித்துக்கொண்டே போனில் குறித்துக்கொண்டாய். என் பதிலில் குறித்துக்கொள்ள என்ன இருந்தது?

அந்தச் செருப்பு உன் சித்திக்கு வந்து சேர்ந்துவிட்டது. பார்சல் வேறு வீட்டுக்கு மாறிப் போயிருந்தது என்று அவள் உன்னிடம் சொன்னாளாம். எந்த வீடு என்று நீ கேட்கவில்லையாம். அந்த வீடு நம் வீடு. மாறியும் போகவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் கட்டிடத்தில் பார்சல் காணாமல் போகும் கதை உனக்குத் தெரியும். பார்சல்காரர்கள் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் இருக்காது. கீழ்வீட்டு டெய்லருடைய நூல்கண்டுப் பெட்டி போயிற்று. சங்கச் செயலாளருடைய புது மூக்குக்கண்ணாடி போயிற்று. கூட்டம் போட்டோம். செயலாளர் கேமரா வைக்கலாம் என்றார். "வைங்க சார். அடுத்த வாரம் கேமராவைக் காணோம்னு இன்னொரு கூட்டம் போடலாம்" என்றார் டெய்லர். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவள் நான் ஒருத்திதான்.

எனக்குத் தெரிந்த முறையில்தான் செய்தேன். வருகைப் பதிவேடு ஒன்று வாங்கினேன். பார்சல் வந்ததும் எண், நேரம், வீடு, கொண்டுவந்தவர் கையெழுத்து. வாங்கிப் போகும்போது வீட்டுக்காரர் கையெழுத்து. பின்கட்டு அலமாரியில் மாடி வாரியாக ஒரு தட்டு. ஐந்து மணி முதல் ஏழு மணி வரை விநியோகம். கீழே சுவரில், 'பார்சல்கள் இங்கே வைக்கப்படுவதில்லை. முதல் மாடி, டீச்சர் வீடு' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அவ்வளவுதான், திருட்டு நின்றது. முன்பு எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். வகுப்பில் பென்சில் தொலைந்தால், பென்சிலுக்கு ஒரு இடமும் பொறுப்புக்கு ஒரு ஆளும் வைத்தால் போதும். பாதித் திருட்டு பிறக்காமலே போய்விடும்.

ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லார் வீட்டுப் பாசமும் என் மேஜை வழியாகத்தான் போகும் என்று. நாலாம் மாடி அம்மாவுக்கு மாதம் தவறாமல் மகனிடமிருந்து ஒரு பெட்டி. "பாருங்க டீச்சர், சொல்லச் சொல்லக் கேக்காம அனுப்புறான்" என்று அலுத்துக்கொள்வதுபோல் சொல்லிவிட்டு, படியேறும்போது பெட்டியைக் குழந்தையைப்போல அணைத்துக்கொள்வாள். டெய்லருக்குத் தங்கை அனுப்புகிறாள். செயலாளருக்கு மருமகளே அனுப்புகிறாள், கேட்டுக்கொள்! அனுப்புநர் பெயரைப் படித்துப் படித்து எழுதுகிற என் கைக்கு, ஆறு மாதத்தில் என் வீட்டு எண்ணை எழுத ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று யார் கேட்கிறார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, உன் பெயர் வந்தது. நம் பார்சல்காரரை உனக்குத் தெரியும், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வருவாரே, அவர்தான். படியேறி வந்து நீட்டினார். அனுப்புநர் இடத்தில் உன் பெயரைப் பார்த்ததும் வேறெதையும் படிக்கத் தோன்றவில்லை. அவர் போனில் விரலால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே அவசரமாக இறங்கிப் போய்விட்டார். பிறகுதான் பெறுநர் பெயரைப் படித்தேன். எதிர் வீடு.

பதிவேட்டைத் திறந்தேன். எழுதவில்லை, மூடிவிட்டேன். பார்சலைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. அழுத்திப் பார்த்தேன், அது உண்மை. இரண்டு மெத்தென்ற குதிகால்கள் தெரிந்தன. நான் பெற்றவள் வேறு ஒருத்தியின் குதிகாலுக்குக் கவலைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. கூச்சப்படாமல் எழுதுகிறேன்: அன்று மாலை அவள் நொண்டிக்கொண்டே படியேறியதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பாவமாக இருக்கவில்லை.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளை என்பது வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "சித்தி பார்சல் வந்துச்சாம்மா? கையெழுத்துப் போட்டு வாங்கிட்டதா செய்தி வந்திருக்கே" என்றாய். நான் "நான் பார்க்கலையே" என்றேன். உன்னிடம் சொன்ன அந்தப் பொய்தான் அதைத் திருட்டாக்கியது. அதுவரை வெறும் வயிற்றெரிச்சல்.

நீ கம்பெனிக்குப் புகார் எழுதினாய். நியாயம்தான். அவர்கள் அந்த மனுஷனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் செயலாளரை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். போனில் இருந்த கிறுக்கலைச் செயலாளர் பார்த்துவிட்டு, "இது நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு. டீச்சர் கையெழுத்து முத்து மாதிரி இருக்குமே" என்றார். மஞ்சள் சட்டைக்காரர் என் முகத்தையே பார்த்தார். "டீச்சரம்மா, உங்க கையிலதான் குடுத்தேன். நல்லா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது" என்றார். நான் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். அதில் இல்லை. இல்லாததைக் காட்டி அவரைப் பொய்யராக்கிவிட்டேன், மகளே. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்கு நடுவில் நின்ற எனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

என் பழைய தந்திரம் ஒன்று ஞாபகம் வந்தது. பென்சில் தொலைந்தால், "எடுத்தது யாரு?" என்று கேட்கவே மாட்டேன். கதவோரம் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதுவேன். மணியடிப்பதற்குள் பென்சில் பெட்டிக்குள் இருக்கும். எடுத்தவனுக்கும் மானம் போகாது. அதேபோல, மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பார்சலைப் படிக்கு அடியில் வைத்துவிட்டு மேலே வந்தேன். கதவைச் சாத்தப்போனபோதுதான் உறைத்தது. கண்டெடுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? 'பாத்தீங்களா, பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டான்' என்பார்கள். என் மானம் போகாது. அவர் வேலை திரும்பி வராது. இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். முழங்கால் வலியோடு இரண்டு தடவை ஏறி இறங்கியதுதான் அன்றைக்கு எனக்குத் தண்டனை.

நேராக எதிர்க் கதவைத் தட்டினேன். அன்று அவளுக்கு விடுப்பு. "உன் பார்சல் பதினோரு நாளா என் போர்வைக்கு அடியில இருந்துச்சு. நான்தான் வச்சேன்" என்றேன். அவள் என்னையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பிரித்து ஒரு காலில் மாட்டிக்கொண்டாள். "பதினோரு நாளு என் காலை வலிக்க விட்டீங்களே டீச்சர்!" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, "வயிறு எரிஞ்சுதா?" என்றாள். தலையாட்டினேன். "எனக்கு மட்டும் எரியாதா? போன வாரம் உங்க பொண்ணு உங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசினா. என் வீட்டு போன் மணியே அடிக்கலை. சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து உங்க சிரிப்பைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். மறு செருப்பை என் முன்னால் தள்ளி, "போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். மேகத்தில் கால் வைத்தமாதிரி இருந்தது. ஆனால் எனக்கு ஒரு விரல் பெரிது.

இரண்டு பேருமாக அன்றே பார்சல் கம்பெனிக்குப் போனோம். கையால் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி காரணம் கேட்டார். பொறாமை என்றேன். அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'இதர காரணங்கள்' என்று குறித்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து மஞ்சள் சட்டை மறுபடி வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைம்மா" என்றார், ஆனால் சிரிக்கவில்லை. இப்போது தனியாக ஒரு நோட்டு கொண்டுவருகிறார். அதில் முழுப்பெயரையும் எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். முன்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இப்போது கேட்பதில்லை.

கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை. டெய்லர்தான் வழி சொன்னார்: ஒவ்வொரு பார்சலுக்கும் இனி இரண்டு கையெழுத்து, ஒன்று டீச்சர், ஒன்று நர்ஸ். "திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்கினோம். பூட்டுக்கு ஒரு காவல் வேணும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இப்போது தினமும் ஏழு மணிக்கு அவள் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள், அந்தச் செருப்போடு. சத்தமே வராது; திரும்பினால் நிற்பாள்.

நீ அவளுக்கு அனுப்பியது தப்பே இல்லை. கேட்டவளுக்குக் கொடுத்தாய். கேட்கத் தெரியாதது என் குறை. என் வகுப்பில் எதைக் கேட்டாலும் "தெரியாது டீச்சர்" என்கிற பிள்ளைகள் இருப்பார்கள். உடனே அடுத்த பிள்ளையிடம் போய்விட்டால் அவர்கள் கடைசிவரை தெரியாதவர்கள்தான். நான் நகரமாட்டேன். மனசுக்குள் எண்ணிக்கொண்டு அங்கேயே நிற்பேன். ஏழு, எட்டு வரும்போது உதடு அசையும்.

கோபம் இருந்தால் இந்த வாரம் திட்டிவிடு, கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், சொன்னாலும் பரவாயில்லை. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

கோபம் தீர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாசல் கேள்வியை என்னிடம் மறுபடி கேள். ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சொன்னதும் போனை வைத்துவிடாதே. மனசுக்குள் பத்து வரை எண்ணு.

ஆசிகளுடன்,
உன் அம்மா