வக்கீலுக்கு நாலு மணிக்கு ஊசி

என்னங்க,

சீருடைகளை இன்றே தைத்துக் கொடுத்தாக வேண்டும், கடைக்குப் போகிறேன். மூன்று மணிக்கு வந்துவிடுவேன். நாலு மணிக்கு டாக்டர் வீட்டுக்கே வந்து நம் பூனைக்குக் கடைசி ஊசி போடுவார். பதினேழு வருடம் எல்லாவற்றுக்கும் குறுக்கே கத்திய வக்கீலுக்கு இப்போது எழுந்து நிற்கவே முடியவில்லை.

ஃபிரிட்ஜில் இருக்கும் பொரித்த மீன் அதற்கு. உங்களுக்கு ரொட்டி. வக்கீலுக்கு உப்பு ஆகாதென்று இனி யாரும் தடுக்க வேண்டாம்.

“உனக்கு இருக்குறது நெஞ்சா, கல்லா?” என்று நேற்று கத்தினீர்கள். சரி, கல்தான். ஊசி போடும்போது வக்கீல் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். நான் தூக்கினால் கடிக்கும். சாகும்போதும் கட்சி மாறாது.

பி.கு.: குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழாதீர்கள். தாழ்ப்பாள் சிக்கிக்கொள்கிறது. நேற்று அழுது முடித்தபின் நான் வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று.