தானே குறிபார்க்கும் டாங்கி

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. தினமும் ஒரு பக்கமாவது எழுதினால்தான் விரல்கள் வேலையை மறக்காமல் இருக்குமாம், டாக்டர் உத்தரவு. வேறு யாருக்கு எழுத?

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் டாங்கிச் சண்டை. புள்ளிக்கணக்கில் தோற்றுவிட்டேன், அது பெரிதில்லை. நம் ரிமோட் பொம்மை டாங்கிகள் சுடுவது கண்ணுக்குத் தெரியாத வெறும் ஒளிதானே. ஐந்து அடி பட்டால் வண்டி நின்றுவிடும். எதிரே ஆடி நான்கு அடி அடித்த மருந்துக்கடைக்காரர் நேரம் முடியும்வரை ஐந்தாவதை அடிக்கவே இல்லை. என் டாங்கி திறந்த இடத்தில் நிற்கிறது. பீரங்கியைத் திருப்ப முடியாமல் என் கட்டைவிரல் நடுங்குகிறது. அவர் சுவரைச் சுட்டுவிட்டு, "அடடா, தப்பிடுச்சே சார்!" என்கிறார். பத்து வருஷமாக என்னை ஓட ஓட விரட்டிய மனுஷன்!

கோடையில் வருவதாகச் சொன்னாயே, எப்போது?

உன் அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்து எப்போது நன்றாக இருந்தது, இப்போது பயப்பட? பள்ளிக்கூடத்திலேயே கோழி கிளறியதுதான்.

பார்சலில் ஒரு சின்ன கேமராவும் அதை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையும் இருக்கின்றன. பீரங்கிக்கு மேலே கேமராவை ஒட்டு. எதிரி டாங்கி எங்கே போனாலும் பீரங்கி தானே திரும்பிப் பின்தொடரும். நீ வண்டியை ஓட்டி, சுடும் பொத்தானை அமுக்கினால் போதும். தொழிற்சாலையில் மூடி கோணலான பாட்டிலைக் கண்டுபிடிக்கக் கேமராவுக்குப் பழக்கியே என் தலை நரைக்கிறது. இதுவா பெரிய காரியம்?

கோடைக்கு லீவு கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

உன் தங்கை

ஏப்ரல் 19

அன்புத் தங்கச்சிக்கு,

முதல் நாள் உன் கேமரா எதிரியை விட்டுவிட்டு அண்ணியின் செருப்பையே குறிபார்த்தது. "என்னைச் சுடத்தான் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து இதைச் செஞ்சீங்களா?" என்று ஒரே சிரிப்பு. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

நீ திருத்தி அனுப்பிய புரோகிராமைப் போட்டபிறகு மூன்று ஆட்டமும் ஜெயம். கிளப்பில் எல்லோரும் சம்மதித்துத்தான் ஆடினார்கள். மருந்துக்கடைக்காரர் இப்போது நிஜமாகவே சுடுகிறார். ஆனால் என்னையா சுடுகிறார்? பொத்தானை அமுக்குவதிலும் விரல் சில நேரம் பிந்துகிறது.

இப்போதெல்லாம் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். நீ வந்தால் ஒரு நாள் கிளப்புக்குக் கூட்டிப்போவேன். லீவு என்ன ஆயிற்று?

உன் அண்ணன்

மே 11

அன்புள்ள அண்ணா,

பொத்தான் கவலையை விடு. இந்தப் புதுப் பலகையைப் போட்டால் குறி சேர்ந்த நொடியில் டாங்கி தானே சுடும். ஒளிய இடம் தேடி ஓடவும் பழக்கியிருக்கிறேன். நீ நிம்மதியாக இரு.

லீவு இந்த வருஷம் கஷ்டம். கோபித்துக்கொள்ளாதே. வேறு என்ன வேண்டும் என்று எழுது, அனுப்புகிறேன்.

உன் தங்கை

ஜூன் 6

தங்கச்சிக்கு,

போன ஞாயிறு ஆட்டம் நடக்கும்போதே ரிமோட்டை நாற்காலியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நான் ஜெயித்திருக்கிறேன். எல்லோரும் டாங்கியைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்து, "உங்க தங்கச்சி பெரிய ஆளுதான் சார்" என்றார். அவர் பிடித்திருக்கும்வரை கை நடுங்கவில்லை.

கேமராவையும் இரண்டு பலகைகளையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கெட்டுப்போகவில்லை. டாங்கியைக் கிளப்பிலேயே கொடுத்துவிட்டேன்.

இரண்டு கடிதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டேன். இரண்டுக்கும் பார்சல் வந்தது. வருவதென்றால் வா. வரமாட்டாய் என்றால் அதை எழுது. பொருள் அனுப்பாதே.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

லீவு கேட்டிருக்கிறேன் என்றதும், கஷ்டம் என்றதும் பொய். நான் கேட்கவே இல்லை.

அப்பாவுக்கும் கட்டைவிரலில்தான் தொடங்கியது. நீ வேலைக்குப் போன ஊரிலிருந்து மாதம் தவறாமல் மருந்து அனுப்பினாய், அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் இருந்தவள் நான். சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோறு ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். கடைசி வருஷம் "நீ போம்மா, நீ பார்க்காதே" என்பதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

உன் முதல் கடிதத்தின் எழுத்துகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரியே உட்கார்ந்து கேமராவுக்குப் பழக்க ஆரம்பித்தேன். செய்ய ஏதாவது இருக்கும்வரை நினைக்க வேண்டியதில்லை.

நேற்று டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய ஆளாக உன் பெயரைப் போடும்வரை வந்தேன். பிறகு எடுக்காமலே கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான், அண்ணா. நான் வரமாட்டேன். அண்ணியிடம் நீயே சொல்லிவிடு.

இந்த உறையில் வேறு எதுவும் இல்லை.

தங்கை