கொல்லைப்புறத்துப் புகை

தம்பி அபெனிசாவுக்கு, அக்கா உனைசி எழுதுவது.

ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் நீ சுகமாக இருப்பாய். இங்கே யாரும் சுகமாக இல்லை. அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது என்பது நம் ஃபிஜியின் வழக்கம். இத்தனை வருடம் அதைக் காப்பாற்றினேன். இன்று மீறுகிறேன். பெரியவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்.

நீ உன் பெண்டாட்டி கெலெராவுக்கு அனுப்பிய குரல் செய்தியை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "வயித்துப் பிள்ளையோட நண்டு பிடிக்க யாருடி உன்னைப் போகச் சொன்னது? எம்பிள்ளைய இந்தக் கதிக்கு ஆளாக்கினது நீதான்!" இப்படிப் பேச நாக்கு எப்படி எழுந்தது உனக்கு? அவள் அழக்கூட இல்லை. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நண்டுக் கதையை உனக்கு ஓதியது அம்மா என்று தெரியும். கெலெரா கடற்கரைக்குப் போனது உண்மைதான். வீட்டில் மூச்சு விட முடியாமல் போனாள். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் முன் நம் கொல்லையைச் சித்தப்பா மகன் ஈசோவாவுக்கு விட்டுப் போனாயே, மறந்துவிட்டதா? பழைய மின்கம்பிகளைப் பீப்பாயில் போட்டு, டயரை வைத்துக் கொளுத்திச் செம்பு எடுக்கிறான். தினமும் அதே வேலை. பாயில் கரி, துணியில் கரி, அவித்து வைத்த மரவள்ளிக் கிழங்கில் கரி. கெலெரா அவனிடம் கெஞ்சினாள். "உம் புருஷன் குடுத்த இடம். அவன்கிட்டயே கேளு அண்ணி" என்று சிரித்தானாம். உன்னிடமும் கேட்டாள். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிட" என்றாய். டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் இதையும் சொன்னாள்.

டாக்டர் ஷரீனிடம் நான் நேராகவே கேட்டேன், மாதம் நிறையும் முன்பே பனிக்குடம் உடைந்தது நண்டு பிடித்ததாலா என்று.

"நண்டு பிடிச்சா பனிக்குடம் உடையுமா? யாரும்மா இதெல்லாம் சொல்றது?" என்று அவருக்கே கோபம் வந்துவிட்டது. "இரும்புல துரு ஏறுற மாதிரி உடம்புக்குள்ளயும் ஒரு அரிப்பு இருந்துக்கிட்டே இருக்கும். அதை உடம்பே சமாளிச்சுக்கும். கர்ப்பத்துல அந்த வேலை கூடுதல். அதோட இந்த மாதிரி புகையும் சேர்ந்தா சமாளிக்க முடியாமப் போகலாம். நச்சுக்கொடி கெடும், பனிக்குடம் பலமில்லாமப் போகும், பிள்ளை முந்திக்கும். இவங்களுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்தப் புகைக்குள்ள இந்தப் பிள்ளைய அனுப்பவும் மாட்டேன்."

உன் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். தோலுக்குள் ஓடும் நரம்பு வெளியே தெரிகிறது. நுரையீரல் இன்னும் முதிரவில்லை என்று பிராணவாயு கொடுக்கிறார்கள். அதுவும் அளவு மீறினால் கண்ணைக் கெடுத்துவிடுமாம்; நர்ஸ் நகராமல் நின்று கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கிறாள். கெலெரா பால் பீய்ச்சிக் கொடுக்கிறாள். அது சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே போகிறது. நேற்றிலிருந்து பிள்ளையின் நிறம் கொஞ்சம் தேறியிருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த உடுப்போடேயே ஈசோவாவின் பீப்பாயை உதைத்துக் கவிழ்த்தேன். "பைத்தியமாக்கா உனக்கு?" என்று கத்தினான். அவனும் தம்பி முறைதான். வழக்கம் அங்கேயும் போயிற்று. "ஆமாண்டா! இன்னொரு கம்பி இங்க எரிஞ்சா, செம்பு ஏத்துற உன் வண்டியும் எரியும்" என்றேன். "அபெனிசா சொன்னாத்தான் போவேன்" என்று பீப்பாயை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். அம்மா என் முகத்தில் விழிப்பதில்லை. விழிக்க வேண்டாம்.

அவனுக்கு இன்றே சொல். அம்மாவிடமும் உன் வாயால் சொல், கெலெரா மேல் தப்பில்லை என்று. பிறகு கெலெராவைக் கூப்பிடு. எடுக்க மாட்டாள், எடுக்கும்வரை கூப்பிடு. எடுத்ததும் பிள்ளையைப் பற்றி விசாரிக்காதே. முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேள்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும். இதற்கு மேல் ஆசி சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை, தம்பி. வரும்படி செய்.

உன் அக்கா,
உனைசி